நாட்களை எண்ணும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய எக்ஸெல் தாளைப் பார்த்தேன். 35 வயது முடிந்த அன்றைக்கே உட்கார்ந்து போட்டிருக்கிறாய். எழுபது வருஷம் என்றால் 25,567 நாட்கள். பாதி போய்விட்டது, மீதி 12,784. அதற்குக் கீழே அரைமணி நேரத்துக்கு ஒரு கட்டம். ஜெபம், வேத வாசிப்பு, உடற்பயிற்சி, வேலை, படிப்பு, ஊழியம் என்று ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. தாளின் உச்சியில் சங்கீதம் 90:12: "நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி, எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்." கூடவே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தாய்: "பத்து வருஷத்தை வீணாக்கிட்டேன் அக்கா, இனி ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன்."

படித்ததும் சந்தோஷப்பட்டேன். ராத்திரி படுத்த பிறகு கவலையும் வந்தது. அந்தக் கவலையைத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தச் சங்கீதம். அதன் தலைப்பிலேயே "மோசேயின் ஜெபம்" என்று இருக்கிறது. மோசே எந்த இடத்தில் நின்று நாட்களை எண்ணினார் என்று யோசித்திருக்கிறாயா? எண்ணாகமம் முதல் அதிகாரத்தில், மோசே எகிப்திலிருந்து நடத்திவந்த இஸ்ரவேலரில் யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணுகிறார்கள், 6,03,550 பேர். யோசுவாவையும் காலேபையும் தவிர அத்தனை பேரும் வனாந்தரத்திலேயே மாண்டுபோனார்கள். அந்தத் தலைமுறை ஒழிந்துபோக 38 வருஷம் ஆனது என்கிறது உபாகமம் 2:14. நீ கணக்குப் பிரியன், போட்டுப் பார்: நாளுக்குச் சராசரி 43 சாவு, ஆண்கள் மட்டும். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு கூடாரத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டபடி நடந்த மனிதர், "எங்கள் வருஷங்களை ஒரு கதையைப்போல் கழித்துப்போட்டோம்" என்று சொல்கிறார். அப்படிப்பட்டவர் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை. நிறைய வேலை முடிக்கும் திறமையையும் கேட்கவில்லை. ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டார். உன் தாளில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இருதயம் மாறுவதற்குக் கட்டம் எங்கே என்று தேடினேன்.

இனி நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. நம் அத்தை கடைசி ஒரு வருஷம் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாகவே அனுப்பிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டதால் டைப் பண்ண முடியவில்லை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். அப்போது எனக்கும் உன்னைப்போல் ஒரு அட்டவணை இருந்தது. அதனால் அத்தையின் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். ஆறு நிமிஷம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். செய்தி எல்லாம் புரிந்துவிடும், பதிலும் போட்டுவிடுவேன். நேரத்தை ஞானமாகப் பயன்படுத்துகிறேன் என்றே நினைத்தேன்.

அத்தை போய் இரண்டு மாதம் கழித்து ஒரு பதிவைச் சாதாரண வேகத்தில் போட்டேன். அப்போதுதான் கேட்டது, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது. "சரி, அப்புறம்..." என்று சொல்லிவிட்டு, நான் எதிரில் இருப்பதுபோல் கொஞ்சம் நிறுத்துவார். வேகத்தில் அந்த நிறுத்தம் தெரியவே இல்லை, தம்பி. இப்படிச் சேமித்த மூன்று மூன்று நிமிஷங்களை நான் என்ன செய்தேன் என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு மாற்கு 5-ஆம் அதிகாரத்தை முன்புபோல் என்னால் வாசிக்க முடியவில்லை. ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவனோடு புறப்பட்டுப் போகிறார். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியமான நேரம் என்றால் அதுதான். வழியில், பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, ஒரு பெண் கூட்டத்துக்குள் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்டவுடனே குணமாகிவிட்டாள், வேலை முடிந்தது. நேரத்தைக் கணக்குப் பார்க்கிறவராக இருந்தால் அப்படியே நடந்திருக்கலாம். அவரோ நின்று, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்கிறார். அவள் பயந்து நடுங்கி வந்து விழுந்து, "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்." அந்த "எல்லாம்" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். பன்னிரண்டு வருஷக் கதை. எத்தனை வைத்தியர்கள், எவ்வளவு செலவு, எவ்வளவு அவமானம். அவர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் யவீரு நின்றுகொண்டிருக்கிறான், அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்! அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் மரித்துப்போனாள் என்று ஆள் வந்துவிடுகிறது. அப்போதும் அவர் பதறவில்லை. "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

ஏறக்குறைய மூன்று வருஷம்தான் அவருடைய ஊழியம். அதற்குள் உலகத்தில் எல்லா நோயாளிகளும் சுகமாகிவிடவில்லை. ஆனாலும் சிலுவைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, "நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்துமுடித்தேன்" என்று பிதாவிடம் சொல்ல முடிந்தது. நியமித்ததை முடித்தார், அவ்வளவுதான். நமக்கோ நியமிக்காததையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம்.

எபேசியர் 5:16-ஐச் சொல்லி நீ என்னை மடக்குவாய், தெரியும். "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்." கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் கைரோஸ், ஏற்ற வேளை என்று அர்த்தம். அதோடு வரும் வினைச்சொல், சந்தையில் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவதைக் குறிக்கும். அப்படியானால் வேளை வரும்போது ஏதோ ஒன்றை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சில நாள் அந்த விலை நம் அட்டவணையாகவே இருக்கும். இதை எழுதிய பவுல் அடுத்தடுத்து என்ன சொல்கிறார் என்றும் பார்: பாடுங்கள், ஸ்தோத்திரம் பண்ணுங்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள். சீக்கிரம் சீக்கிரம் என்ற பேச்சே இல்லை.

போனைத் தடவித் தடவி ராத்திரிகளைக் கரைத்ததை நீ விட்டுவிட்டது நல்ல காரியம், அதற்குத் திரும்பிப் போகாதே. அந்தப் பத்து வருஷத்துக்காக உன்னையே அடித்துக்கொள்ளவும் வேண்டாம். வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்று யோவேல் புத்தகத்தில் கர்த்தரே சொல்கிறார். நீ ஓடி ஓடிச் சம்பாதித்து அடைக்க வேண்டிய கடன் இல்லை அது, தம்பி. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கின கள்ளனுக்குப் பிரயோஜனப்படுத்த சில மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. கையும் காலும் அசைக்க முடியாத அந்த நிலையில் அவன் செய்தது ஒரே ஒரு விண்ணப்பம்.

உன் தாளில் ஞாயிறு சாயங்காலக் கட்டத்தில் "அம்மா – 10 நிமிடம்" என்று இருக்கிறது. அதை மட்டும் அழித்துவிட்டு, இன்று ராத்திரி கூப்பிடு. அம்மா மூட்டு வலியைப் பற்றி ஆரம்பிப்பார், போன வாரம் சொன்னதையே மறுபடியும் சொல்வார், நடுவில் எதையோ தேடி எழுந்து போவார். சொல்லி முடிக்கட்டும். போனை அம்மாவே வைக்கட்டும்.

அன்புடன்,
அக்கா