மகளுக்கு: பட்டமும் பறவூரும் மற்றவர்களும்

குழித்துறை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மக்களே,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் போனில் எப்போதும் ஒரே பதில்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். கடிதமென்றால் நிதானமாகப் படிக்கலாம். அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

அக்கா மகன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். முதலமைச்சர்கள் வரிசையை ஒப்பித்துக் காட்டினான். அவனுடைய வழிகாட்டிப் புத்தகத்தில் 1956-க்கு முன்னால் ராஜாஜி, காமராஜர் என்று போட்டிருக்கிறது. சென்னைக்கு அது சரி. நம் விளவங்கோட்டுத் தாலுகாவுக்கு எப்படிச் சரியாகும்? 1956 நவம்பர் 1 வரை நமக்கு ஆட்சி திருவனந்தபுரத்தில் அல்லவா இருந்தது? நம் பாட்டாமார் யாருக்கு வரி கட்டினார்கள், யாருடைய போலீசுக்குப் பயந்தார்கள் என்பதே தெரியாமல் ஒரு பிள்ளை தேர்வு எழுதப் போகிறது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

தெக்கேவிளை நிலத்தின் ஆதாரம், அதாவது பத்திரம், நீ பார்த்ததுதான். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை போட்ட தாள், மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1123, மீன மாதம். மசி செம்பழுப்பாகிவிட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஊசித்துளை. பாட்டா தன் பெயரை மலையாள எழுத்தில் போட்டிருக்கிறார். வீட்டில் தமிழ், அரசாங்கக் கச்சேரியில் மலையாளம், அன்றைக்கு நிலைமை அப்படி. அந்த மீனத்தில்தான், 1948 மார்ச் 24 அன்று, பட்டம் தாணுப்பிள்ளை திருவிதாங்கூரின் பிரதம மந்திரியாகப் பதவியேற்றார். ஆமாம், பிரதம மந்திரி. அப்போது அந்தப் பதவிக்குப் பெயரே அதுதான்.

அதற்கு முன்னால் திவான் ஆட்சி. சர் சி.பி. ராமசுவாமி ஐயர் 1936 முதல் ஏறக்குறைய பதினோரு ஆண்டு இருந்தார். ஓட்டு வாங்கி வந்தவரல்ல, மகாராஜா நியமித்தவர். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவில் வெட்டுப்பட்டார். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார், ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுப் போனார். பதினோரு ஆண்டு அசைக்க முடியாமல் இருந்தவர் சில வாரத்தில் போய்விட்டார்.

பிறகு 1948 மார்ச்சிலிருந்து 1956 மார்ச் வரை, எட்டு ஆண்டில் அந்த நாற்காலியில் ஆறு முறை ஆள் ஏறி இறங்கினார்கள். பட்டத்தின் முதல் மந்திரிசபையில் மூன்றே பேர்: அவர், சி. கேசவன், டி.எம். வர்கீஸ். மூவரும் சி.பி.யை எதிர்த்து நின்ற பெரிய தலைவர்கள். அந்த மந்திரிசபையே அக்டோபரைத் தாண்டவில்லை. எதிரிகள் கவிழ்க்கவில்லை, சொந்தக் கட்சிக்காரர்களே நம்பிக்கை இல்லை என்றார்கள். கூட இருப்பவர்களே ஒருவரை இறக்கிவிடுவது எந்த இடத்திலும் நடக்கிறது, மக்களே. திறமை இல்லாததால் இறங்கினார் என்று பட்டத்தை யாரும் சொன்னதில்லை. உன் அலுவலகத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அடுத்து பறவூர் டி.கே. நாராயண பிள்ளை. 1949 ஜூலை 1-இல் கொச்சி சமஸ்தானம் சேர்ந்து திரு-கொச்சி மாநிலம் ஆனபோதும் அவரே தலைவர். 1951-இல் சி. கேசவன் வந்தார், 1952 மார்ச்சில் ஏ.ஜே. ஜான். ஜானுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, நம் தமிழர்களின் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் எட்டு உறுப்பினர்கள் அவருக்கு வேண்டியிருந்தது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் கோரிக்கை நடக்காது என்று தெரிந்ததும் 1953-இல் நம்மவர்கள் ஆதரவை விலக்கினார்கள், ஆட்சி கவிழ்ந்தது. தேர்தல் முடியும் வரை ஜான்தான் பொறுப்பில் இருந்து கோப்புகளைப் பார்த்தார். போகப் போகிறோம் என்று தெரிந்தும் அன்றாட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அவர்மீது மதிப்பு வருவது அந்த இடத்தில்தான்.

வேலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் நகல் எடுத்து வைத்துக்கொள். கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் தேதியோடு எழுத்து இருக்க வேண்டும். நாற்பது ஆண்டாக ஆதாரம் எழுதியவன் சொல்கிறேன், வாய்வார்த்தை நம்பி வந்தவர்களைத்தான் கோர்ட்டு வாசலில் அதிகம் பார்த்திருக்கிறேன். சித்தப்பா விஷயம் உனக்கே தெரியும்.

1954 தேர்தலில் நம்மவர்களுக்குப் பன்னிரண்டு இடம். பட்டத்தின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குப் பத்தொன்பதுதான். இருந்தும் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, அவரே முதலமைச்சரானார். நமக்கு மிகவும் கசப்பான காலம் அது. ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. தமிழ் பேசும் மண் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக நம் ஊர்க்காரர்கள் செத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தேதியில் புதுக்கடை நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். நீ சின்னப் பிள்ளையாக என் தோளில் இருந்து பார்த்திருக்கிறாய்.

அப்போது பட்டத்தின் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா வடக்கே சிறையில் இருந்தார். தன் கட்சி ஆட்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் அந்த ஆட்சி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தே கேட்டார். பட்டம் விலகவில்லை. கட்சித் தலைமையும் லோகியாவின் பக்கம் நிற்கவில்லை, கடைசியில் பொதுச் செயலாளர் பொறுப்பை விட்டுப் போனது லோகியாதான். யாருக்கு மானம் மிஞ்சியது என்று அக்கா மகனைக் கேட்டேன், அவன் யோசிக்கவே இல்லை. பட்டத்தின் நாற்காலியும் 1955 பிப்ரவரியில் போயிற்று, சட்டசபையில் தோற்று. தானாக எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்திருந்தால் விளவங்கோட்டில் அவருக்கு இன்று வேறு பெயர் இருந்திருக்கும்.

இதை அழுத்திச் சொல்கிறேன், மக்களே. ஒருவர் மனசாட்சிக்காக வேலையை விட்டால் அதில் தலைகுனிவு எதுவும் கிடையாது. ஆனால் விட்டதை வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும். லோகியா மறைக்கவில்லை, நாடு முழுக்கத் தெரிந்தது.

அடுத்தது பனம்பிள்ளி கோவிந்த மேனன், 1955 பிப்ரவரி முதல் 1956 மார்ச் வரை. கட்சியிலேயே சிலர் பிரிந்து போக, அவரும் ராஜினாமா செய்தார், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அதனால் நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அந்தப் பக்கம் முதலமைச்சர் என்று யாருமே இல்லை. இந்தப் பக்கம் காமராஜர் இருந்தார். நெய்யாற்றின்கரை வரவில்லை, தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அத்தை வீட்டுக்குப் போகும்போது நீ களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் ஏன் நிற்கிறோம் என்று கேட்பாயே, அதற்கு இதுதான் காரணம்.

இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார். நம்மவர்கள் கவிழ்த்த அதே ஏ.ஜே. ஜான் 1956 டிசம்பரில் சென்னை மாநில ஆளுநராக வந்தார், நாம் எந்த மாநிலத்துக்குப் போனோமோ அங்கேயே! பனம்பிள்ளி மத்திய மந்திரியானார். பட்டம் 1960-இல் கேரள முதலமைச்சர், பிறகு பஞ்சாபிலும் ஆந்திராவிலும் ஆளுநர். வரலாறு ஒருவரை ஒரு ராஜினாமாவோடு மூடி வைத்துவிடுவதில்லை. நீயும் உன் வயதில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கினவள். இந்தத் தெருவில் உன் அளவுக்குப் படித்த பெண் வேறு யார் இருக்கிறாள்? அம்மா இதை எல்லோரிடமும் சொல்கிறாள், நான் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் ஒரு வருத்தம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் கூப்பிட்டாய். பின்னால் அலுவலகச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, குக்கர் விசில்தான் கேட்டது. விடுமுறையா என்று கேட்டேன், பேச்சை மாற்றினாய். உன் தோழியின் அப்பாவை மார்த்தாண்டம் சந்தையில் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தார், பிறகு வாழைக்குலை விலையைப் பேசிவிட்டுப் போனார். தம்பி உன்னைப் பற்றிக் கேட்டால் எழுந்து போகிறான். இந்த வீட்டில் அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா? இருபது ஆண்டு உன் மார்க் பட்டியல் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டவன் நான். குறைந்த மார்க்குக்கும் போட்டிருக்கிறேன்.

கேட்கமாட்டேன். நீ சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

விடுவிப்புச் சான்று, சம்பளக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி எண் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரே உறையில் வை. எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு. பத்தாம் தேதி அனுப்புகிற பணத்தை இந்த மாதம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். ரப்பர் விலை கொஞ்சம் தேறியிருக்கிறது, தெக்கேவிளையில் மரச்சீனியும் பிடுங்க வேண்டிய பருவம், இங்கே தட்டுப்பாடு இல்லை. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

நவம்பர் 1 நம் மாவட்டத்துக்கு விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்போம். அதற்கு முன்னால் வந்தாலும் நல்லதுதான். ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் மறுநாள் குழித்துறையில் இறங்கலாம், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். சாமான் அதிகம் இருந்தால் ஆட்டோ பேசி வைக்கிறேன். திரும்பிப் போகும் டிக்கெட்டை இப்போதே எடுக்க வேண்டாம்.

அன்புடன்
அப்பா