எங்கள் கறுப்பியை மலையிறக்கிக் கொண்டுவந்த அண்ணனுக்கு

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடிய எங்கள் நாய் கறுப்பியைப் பிடித்து, சேலத்தில் விலங்குகள் காப்பகம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்களாம். மழையில் நனைந்து நடுங்கியவளுக்கு உங்கள் துண்டைப் போர்த்தி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மெதுவாக இறங்கி வந்தீர்கள் என்று காப்பகத்தில் சொன்னார்கள்.

கழுத்துப்பட்டை காப்பிச் செடிகளுக்குள் எங்கேயோ அறுந்து போயிருந்தது. "சிப் இருக்கான்னு பாருங்க" என்று நீங்கள் கேட்ட பிறகுதான் ஸ்கேனர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியில் அரிசி அளவே இருக்கும் அந்த சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். முகவரி, ஜிபிஎஸ் எதுவும் கிடையாது. அந்த எண் யாருடையது என்பது பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் பதிந்தது பெங்களூரில் இருந்தபோது. வேறு ஊர்க் காப்பகங்களும் தேடிப் பார்க்கிற பொதுப் பதிவேடாக அது இருந்ததால், அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. ஆளுக்கொரு பதிவேடு வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காட்டாமல் இருந்தால், அந்த எண்ணை வைத்து என்ன செய்ய முடியும்?

கறுப்பி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள். குடும்பத்தோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போகணும்.