லோன் பேப்பர்ல இருக்கிற வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெப்போ ரேட் (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குக்கு குடுக்கிற கடனுக்கான வட்டி) குறைஞ்சுது, இஎம்ஐ குறையும்னு உங்க பேப்பர்ல அடிக்கடி பாக்குறேன், நல்ல விஷயம்தான். ஆனா ஃப்ளாட் ரேட், ப்ராசஸிங் ஃபீ, மினிமம் ட்யூ, ஏபிஆர்னு எல்லார் வாயிலயும் புழங்குற வார்த்தைங்க இருக்கே, அதுக்கெல்லாம் கணக்குல என்ன அர்த்தம்னு யாரும் போடுறதில்ல.

எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்கிற அக்கா ஒரு ஃபைனான்ஸ்ல 1 லட்சம் லோன் வாங்குனாங்க, 2 வருஷம், 12 பர்சென்ட் ஃப்ளாட். வந்த ஏஜென்ட் "ஒரு ரூபா வட்டிதான்க்கா"ன்னு சொல்லிருக்கான், அவங்களும் நம்பிட்டாங்க, ஏன்னா நம்ம ஊர்ல ஒரு ரூபா வட்டின்னா அசல்ல பாதிய திருப்பிட்டா மீதிக்குத்தானே வட்டி. ஃப்ளாட்ல அப்படி இல்ல, கடைசி மாசம் வரைக்கும் முழு 1 லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. மாசம் 5,167 ரூபா, மொத்த வட்டி 24,000. அதே 12 பர்சென்ட் குறையுற அசலுக்குன்னா மாசம் 4,707, வட்டி 13,000 கிட்டத்தான் வரும். உக்காந்து கணக்கு போட்டா அந்த அக்கா கட்டுறது 1 ரூபா 80 பைசா வட்டி! இதுல ப்ராசஸிங் ஃபீய முன்னாடியே புடிச்சுட்டுத்தான் பணத்த குடுத்தாங்க, அதையும் சேத்தா இன்னும் மேல போகும்.

கிரெடிட் கார்டு மினிமம் ட்யூவும், அதாவது கொறஞ்சது இவ்ளோவாவது கட்டுங்கன்னு பில்லுல போட்டிருக்கிற தொகையும், இப்படித்தான். அத கட்டிட்டா அந்த மாசம் முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க, லேட் ஃபீ விழாது அவ்ளோதான், மீதிக்கு பொருள் வாங்குன நாள்லருந்தே வட்டி ஓடும், அடுத்து புதுசா வாங்குறதுக்கும் வட்டியில்லாத நாள் கெடையாது.

ரிசர்வ் பேங்க் இதுக்கு ஒரு நல்ல வழி பண்ணிருக்கு. 2024 அக்டோபர் 1-லருந்து தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் புதுசா குடுக்கிற தவணைக் கடனுக்கு கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்னு ஒரு தாள் குடுத்தே ஆகணும், அதுவும் கடன் வாங்குறவங்களுக்கு புரியுற மொழில, விளக்கிச் சொல்லி கையெழுத்து வாங்கணும். ஃபீ எல்லாம் சேத்து வருஷத்துக்கு உண்மையில எவ்ளோ வட்டி ஆகுதுன்னு அதுல ஏபிஆர்னு போட்டிருக்கும். அதுல இல்லாத எந்த ஃபீயையும் நம்ம சம்மதம் இல்லாம புடிக்கவும் கூடாது. தமிழ்ல கேட்டு வாங்கலாம்னு எத்தன பேருக்கு தெரியும் சொல்லுங்க, அந்த அக்கா கையில இருக்கிறது முழுக்க இங்கிலீஷ், எங்கெங்க கையெழுத்துன்னு பென்சில்ல டிக் மட்டும் போட்டு குடுத்திருக்காங்க.

அதனால வாரம் ஒரு வார்த்தைன்னு, கணக்கோட, சின்ன கட்டம் கட்டிப் போட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். தீபாவளிக்கு முன்னாடி வண்டி லோன், போன் லோன்னு கூட்டம் அலைமோதும், அதுக்குள்ள ஃப்ளாட் ரேட்டும் ஏபிஆரும் வந்துடணும் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராஜபாளையம்