அந்த ஒரு வரியை நம்பித்தான் ஆறு வருஷம் போனது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ் உடல்நலப் பக்கத்தில், ஐம்பதைத் தாண்டினால் ராத்திரி நாலைந்து தடவை விழிப்பது சகஜம், இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணவரும் ஆறு வருஷம் இதையேதான் சொன்னார்.

விழிப்பு வருவது சகஜம்தான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகத் தூங்குகிறோம், நடுவில் புரண்டு படுத்துக் கண் திறந்தாலும் காலையில் ஞாபகம் இருக்காது. இவர் எழுந்தது அப்படியில்லை. பலமாக வந்துகொண்டிருந்த குறட்டை சட்டென்று நிற்கும், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். நான் மனசுக்குள் எண்ணுவேன், இருபத்தைந்து வரை எண்ணிய நாள் உண்டு. அப்புறம் தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து பாத்ரூம் போவார். அதற்காகத்தான் விழிக்கிறோம் என்று நினைத்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். பகலில் தட்டு முன்னாலேயே கண் சொக்கும். சுகர் இல்லை, ஆனால் பிரஷர் மாத்திரை ஒன்று மூன்றானது. கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்தான் ராத்திரி முழுக்க வயர் மாட்டிப் பார்க்கச் சொன்னார். மணிக்கு 41 தடவை மூச்சு தடைபட்டிருக்கிறது, 30 வந்தாலே கடுமை என்றார். தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடும்போது மூளைதான் ஆளை எழுப்பி மூச்சை மீட்கிறதாம், ராத்திரி மூத்திரம் அதிகமாவதும் இதனால் வரலாமாம். இப்போது மாஸ்க் மாட்டி, தொண்டை வழி அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் மெஷினோடு படுக்கிறார், ஒரு தடவை எழுந்தால் அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பே இதை உங்களுக்கு எழுதினேன், வரவில்லை. அதே மாதம் ஜாதிக்காய்ப் பாலுக்கு முழுப் பக்கம் கொடுத்தீர்கள். தீபாவளி மலரில் மெத்தையை மாற்றினால் தூக்கம் வரும் என்று கட்டுரை, எதிர்ப் பக்கத்தில் மெத்தை விளம்பரம். முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு சார் இது, மனசு கஷ்டப்படுகிறது. படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும், மூத்திரத்துக்கு எழுவது புதிதாக அதிகமானால் சுகரையும் ப்ராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள், போதும். குறட்டை நின்று, மூச்சும் நின்று எழுகிறவர் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் பக்கத்தில் படுப்பவரும் கூடப் போகட்டும். மூச்சு நின்றது தூங்குகிறவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்