பதிவேடு இல்லாத தியேட்டரிடம் வரி வாங்கியது யார்?

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பழைய தியேட்டரைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டிருந்தோம். 'கோரப்பட்ட ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. அதே வாரத்தில் தியேட்டர் கதவில் இடிப்பு அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதற்கு மட்டும் சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லை எல்லாம் கிடைத்துவிட்டன.

ஆவணம் இல்லாமல் ஒரு காட்சிகூட ஓட்ட முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1955ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி 'சி' படிவ உரிமம் வேண்டும். கட்டட உறுதிக்கு ஒரு சான்று, மின் இணைப்புக்கு ஒரு சான்று. இவை போக, 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கை வரி. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த தரை டிக்கெட்காரரிடமும் வாங்கிய வரி அது. அத்தனை ஆண்டு வசூலித்தவர்கள் கணக்கு எழுதாமலா வசூலித்தார்கள்? தங்களிடம் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி எங்கள் மனுவை ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பதிவறையைத் திறந்து தேடுங்கள்; தேடி முடிக்கும்வரை இடிக்காதீர்கள்.

அந்தத் தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டரை மனுவோடு தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தோம். எழுபதைத் தாண்டிய மனிதர். முற்பகல் முழுவதும் வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு, 'அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம்?' என்று ஒருவர் கேட்டார். புகைப்படம் வெளிறிப்போன ஆபரேட்டர் உரிமத்தை அவர் நீட்டினார். 'இதில் தியேட்டர் பெயர் இல்லையே' என்று அது திரும்பி வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பொட்டுப் பொட்டாகத் தீத்தழும்பு. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் இரண்டும் எரிய எரியத் தேயும். இடைவெளி கூடினால் திரை மங்கும். ஆகவே படம் முடியும்வரை திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுப் புகாத அறையில் அந்தப் பொறியும் புகையுமாக அவர் வேலை செய்தார். அந்தக் கையைப் பார்த்த ஊழியர் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்றார். தழும்புக்குக் கோப்பு எண் கிடையாது அல்லவா!

எங்களுக்கு இது வெறும் கேளிக்கைக் கொட்டகை அல்ல. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், இடைவேளையில் ஸ்லைடு போட்டுச் சொன்ன இடம். கச்சான் காற்று கடுமையாக வீசி வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களில் இரண்டாம் ஆட்டத்துக்கும் இடம் கிடைக்காது. மீன் விற்று வரும் பெண்கள் கூடைகளை வாசல் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போவார்கள். ஒரு கூடை காணாமல் போனதாக யாரும் சொன்னதில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் கடந்து மண்டபம் முகாமுக்கு வந்த குடும்பங்களில் சிலர் எங்கள் ஊர் உறவினர் வீடுகளுக்கு வரும்போது இங்கேதான் படம் பார்த்தார்கள். மதுரையிலிருந்து படப்பெட்டி வரத் தாமதமானால் பஸ் நிறுத்தத்தில் ஒரு கூட்டமே காத்து நிற்கும். சினிமா வியாபாரத்தில் இந்தப் பகுதிக்கு இன்றும் மதுரை–ராமநாதபுரம் ஏரியா என்றுதான் பெயர். வியாபாரிகளின் ஏட்டில் இருக்கிறோம், அரசு ஏட்டில் இல்லை.

1964 புயல் இடித்துப் போட்ட தனுஷ்கோடியைக் காட்டிச் சுற்றுலா நடத்துகிறோம். அங்கே இடிந்த சுவருக்கு மதிப்பு. இங்கே நிற்கும் சுவருக்கு புல்டோசர். எங்கள் தியேட்டரும் ஒரு புயலில் விழுந்திருந்தால் இந்நேரம் பெயர்ப்பலகை வைத்திருப்பீர்கள் போலும். ஊர் நுழைவாயிலில் வண்ண எழுத்துகளில் ஊர்ப்பெயர் நட்டு, அதன் முன்னால் செல்ஃபி எடுக்க மேடையும் கட்டியாயிற்று. அந்த எழுத்துகள் உப்புக்காற்றில் இப்போதே துருப்பிடித்துவிட்டன. அந்த ஒப்பந்தத்தின் கோப்பாவது பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறோம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். புதிய கட்டடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உரிமக் கோப்பும் வரிக் கணக்கும் எங்கே இருக்கின்றன என்று தேடி, எங்களுக்கு நகல் தாருங்கள், அதுவரை இடிக்காதீர்கள். ஆபரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி இறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பூட்டைத் திறந்துவிட்டால் ஆளும் வண்டியும் நாங்களே கொண்டு வருகிறோம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் இளைஞர்கள் எல்லோரும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

பதில் அனுப்பும்போது எந்தப் பதிவறையில், எந்த ஆண்டுக் கோப்புகள்வரை தேடப்பட்டது என்பதையும் அன்புகூர்ந்து குறிப்பிடவும்.

இப்படிக்கு,
வரி கட்டிப் படம் பார்த்த ஊர்மக்கள் சார்பில்