மான்கொம்பு உப்புக்குச் சமையல் சோடா மாற்றாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்வீடன் குக்கீ பக்கத்தைப் படித்தேன். நான் உப்சாலாவில் ஒரு முதியோர் இல்லத்தின் அடுக்களையில் வேலை பார்க்கிறவள். மதியக் காபிக்குக் குக்கீ சுடுவது அங்கே என் பொறுப்பு. தமிழில் ஒரு குறிப்பு கிடைத்ததே என்று ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காலியானதும் ஊசியும் நூலும் குடியேறுமே, அந்த நீல டப்பா பிஸ்கட் டென்மார்க்குடையது. பக்கத்து நாடுதான், போகட்டும். அளவை அப்படி விட முடியாது.

'ட்ரொம்மர்' குக்கீக்கு 100 கிராம் வெண்ணெய், 3 கப் சர்க்கரை, 4 கப் மைதா என்று போட்டிருக்கிறீர்கள். ஸ்வீடன் சமையல் குறிப்புகளில் மாவும் சர்க்கரையும் டெசிலிட்டர் கணக்கில் இருக்கும். ஒரு டெசிலிட்டர் 100 மில்லி. கப் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெண்ணெயை மட்டும் அவர்கள் கிராமில் எழுதுவார்கள். ஆக வெண்ணெய் அப்படியே இருக்க, மற்றவை எல்லாம் இரட்டிப்பாகிவிட்டன. போதாக்குறைக்கு ஒரு டெசிலிட்டர் எண்ணெயும் விடுபட்டுப் போயிருக்கிறது. இந்தக் கணக்கில் பிசைந்தால் மாவு உருண்டையாகவே சேராது. சரியான அளவு இதுதான்: வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 3 டெசிலிட்டர், வாசனையில்லாத எண்ணெய் 1 டெசிலிட்டர், மைதா 4 டெசிலிட்டர், வெனிலா சர்க்கரை 2 டீஸ்பூன், மான்கொம்பு உப்பு 1 டீஸ்பூன். தராசு வைத்திருப்பவர்கள் டெசிலிட்டருக்கு மைதா 60 கிராம், சர்க்கரை ஏறக்குறைய 90 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசிச் சாமான்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம். "மான்கொம்பு உப்பு கிடைக்காவிட்டால் சமையல் சோடா சேர்க்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ட்ரொம்மரில் இருப்பதே அந்த உப்பின் வேலைதான். அந்தக் காலத்தில் மான்கொம்பைச் சுட்டு எடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. இப்போது ஆலையில் செய்கிறார்கள், மானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங் பவுடருக்குப் பக்கத்திலேயே இருக்கும். ரசாயனப் பெயர் அம்மோனியம் பைகார்பனேட். 60 டிகிரி வாக்கில் சூடேறியதும் அது அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என்று முழுக்க வாயுவாகப் பிரிந்துவிடும். மாவில் எதுவும் தங்காது. அதனால்தான் குக்கீ வெளுப்பாகவும், மேலே வெடிப்போடும், வாயில் வைத்தவுடன் கரைவதாகவும் வருகிறது. சமையல் சோடா அப்படியில்லை. வாயு போன பிறகும் சோடாவின் காரத்தன்மை மாவில் தங்கும். குக்கீ சீக்கிரம் சிவந்துவிடும், கொஞ்சம் கூடிப்போனால் சோப்பு வாடை அடிக்கும். பல் செட் வைத்திருக்கும் எங்கள் பாட்டிமார் ட்ரொம்மர் என்றால் தட்டைப் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொள்வார்கள். சோடா போட்டுச் சுட்டதை அவர்கள் முன்னால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

உப்பு கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேறு குக்கீ சுடட்டும், அவ்வளவுதான்! சோடாவுக்கென்றே 'கோலாஸ்நித்தர்' இருக்கிறது. சர்க்கரைப் பாகு சேர்த்த மாவு, சிவந்தால்தான் அதற்கு அழகு. நீளமாக உருட்டி, தட்டில் வைத்துக் கையால் அமுக்கி, 175 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் போலச் சுட்டு, எடுத்த சூட்டிலேயே சாய்வாக வெட்ட வேண்டும். ஆறவிட்டால் கத்தி பட்டதும் உடைந்துவிடும். நடுவில் ராஸ்ப்பெரி ஜாம் வைக்கும் 'ஹாலோன்க்ரொத்தோர்' குக்கீக்குப் பேக்கிங் பவுடர் போதும். பாதாமும் முத்துச் சர்க்கரையும் (பெரிய வெள்ளை மணிகளாக இருக்கும் சர்க்கரை) தூவும் 'ஃபின்ஸ்கா பின்னர்' குக்கீக்கு மாவை எழுப்பும் பொருள் எதுவுமே தேவையில்லை. எந்த வீட்டில் எந்தச் சாமான் இருக்கிறதோ அதற்கேற்ற குக்கீ ஒன்று இவர்களிடம் உண்டு.

ஸ்வீடன் வீடுகளில் தினமும் ஏழு வகை சுடுவார்கள் என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். அது 'கஃபெரேப்' என்ற பழைய காபி விருந்தின் வழக்கம். பெண்கள் கூடும் விருந்து அது. முதலில் இனிப்பு ரொட்டி, அப்புறம் மிருதுவான கேக், அதன் பிறகு இந்தச் சிறு குக்கீகள், கடைசியில் கிரீம் கேக் என்று வரிசை உண்டு. ஏழு வகைக்குக் குறைந்தால் வீட்டுக்காரி கஞ்சம், கூடினால் பகட்டு என்று பேசுவார்களாம். வந்தவர்கள் ஒவ்வொன்றிலும் ஒன்றாவது எடுத்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஸ்வீடன் சண்டையில் சேரவில்லை, ஆனாலும் காபி, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் ரேஷனில்தான் கிடைத்தன. எங்கள் இல்லத்தில் 90 தாண்டியவர்கள் அந்தக் கூப்பன் நாட்களை இன்னும் சொல்வார்கள். ஏழு வகைக் குக்கீகளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட சமையல் புத்தகம் முதலில் வந்தது 1945-இல், போர் முடிந்த ஆண்டில். இன்றைக்கும் பல வீட்டு அலமாரிகளில் அதைப் பார்க்கலாம். இப்போது வேலைக்குப் போகிற குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று வகை சுட்டாலே பெரிய விஷயம்.

அதிலும் 'பெப்பர்காக்கோர்' கட்டாயம் இருக்கும். இலவங்கப்பட்டை, இஞ்சி, கிராம்பு போட்ட மாவை ஓர் இரவு குளிரில் வைத்து மறுநாள் மெல்லிசாகத் தேய்ப்பார்கள். டிசம்பர் 13 லூசியா பண்டிகை நாளில் எங்கே போனாலும் அந்த வாசனைதான். அதை மட்டும் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள். மற்றக் குக்கீகளோடு சேர்த்து வைத்தால் எல்லாமே கிராம்பு மணக்கும்.

ட்ரொம்மர் செய்முறையில் இன்னும் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை அடித்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அடுப்பு 150 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகும், அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் நிறம் ஏறிவிடும். சுடும்போது அம்மோனியா நெடி வீடெல்லாம் அடிக்கும். முதல் தடவை சுடுகிறவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடக் கூடாது, ஆறியதும் நெடி போய்விடும். ஆனால் இந்த உப்பைத் தடிமனான கேக்கில் போடவே கூடாது, வாயு வெளியேற வழியில்லாமல் நெடி உள்ளேயே நின்றுவிடும். குழந்தைகள் பக்கத்தில் நின்றால் பச்சை மாவை நக்கவும் விடாதீர்கள். திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்சாலா, ஸ்வீடன்.