பதிவேட்டைத் திறந்து வையுங்கள்: தயாரிப்பாளர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சங்கத்தின் வரலாற்று மலர் தயாராகிறது, பழைய புகைப்படங்களும் முழுப்பக்க விளம்பரமும் தந்து உதவுங்கள் என்று சென்ற வாரம் சுற்றறிக்கை வந்தது. மகிழ்ச்சி. என் படத்துக்கென்று நம் சங்கத்தில் நான் பதிவு செய்து வைத்திருக்கும் தலைப்பில் இன்னொருவர் தன் படத்துக்குப் பூஜை போட்ட செய்தியும் அதே வாரம்தான் நாளிதழில் வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தலைப்பு என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலையே மூன்றாவதாக ஒருவர் பதிவு செய்துவிடக்கூடும்.

விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். மூன்று கடிதங்கள் கொடுத்திருக்கிறேன்; மூன்றின் நகலிலும் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று முத்திரை குத்தித் தந்திருக்கிறீர்கள். முத்திரை குத்துவதில் நம் அலுவலகத்தைக் குறைசொல்ல முடியாது. ஆகையால் போன புதன்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பதினொரு ஆண்டுகளின் புதுப்பிப்பு ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தேன். படத்தில் நட்சத்திரம் யாருமில்லை. விநியோகஸ்தரிடம் காட்டுவதற்கு என்னிடம் இருந்ததே அந்தத் தலைப்புதான். அதை நம்பித்தான் முதல் கட்டப் படப்பிடிப்புக்கு வட்டிக்கு வாங்கினேன். உங்கள் எழுத்தர் கணினியில் தேடினார். கணினியில் சில ஆண்டுகளின் பதிவுகள்தான் இருக்கின்றன. அதற்கு முந்தையவை பெரிய பேரேடுகளில் இருந்தனவாம். அலுவலகம் இடம் மாறியபோது அவை 'போய்விட்டனவாம்'. எங்கே போயின என்று கேட்டேன். போய்விட்டன என்றார். சரி, ரசீதைப் பாருங்கள் என்று நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரசீது நம்முடையதுதான் சார். ஆனால் இதில் பதிவு எண்ணும் தொகையும்தானே இருக்கின்றன? அந்த எண்ணுக்கு எதிரே எந்தத் தலைப்பு என்று பேரேட்டில்தான் இருக்கும்" என்றார். பதினொரு வருடம் பணம் கட்டியிருக்கிறேன். எதற்குக் கட்டினேன் என்று ஒரு ரசீதிலும் எழுதவில்லை. அன்றைக்குத்தான் நானும் கவனித்தேன். என் முட்டாள்தனம் அதில் பாதி என்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான்கு தலைவர்களைப் பார்த்தவர். நான் எழுந்தபோது தணிந்த குரலில் சொன்னார்: "உங்கள் தலைப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது சார். ஆனால் என் ஞாபகத்தை லெட்டர்ஹெட்டில் அடித்துத் தர முடியாதே."

எதிர்த் தரப்பிடம் கடிதம் இருக்கிறது. வேறொரு சங்கத்தின் கடிதம். அவர்கள் பதிவேட்டில் அந்தத் தலைப்பு காலியாக இருந்ததாம். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை; நம்முடையதைப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை, அவர்களுடையதைப் பார்க்க நமக்கு வழியில்லை. நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறார்கள் நண்பர்கள். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. படமே வெளிவராத நான், அந்தத் தலைப்புக்கு மக்களிடம் எந்த நற்பெயர் இருக்கிறது என்று காட்டி வழக்காடுவது? என்னைப் போன்றவனுக்கு மிஞ்சியிருப்பது சங்கத்தின் வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தை பேரேட்டோடு போய்விட்டது.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: தலைப்புப் பதிவேட்டைத் திறந்து வையுங்கள். தலைப்பு, பதிவு செய்தவர், நாள், புதுப்பித்த நாள். இந்த நான்கும் எந்த உறுப்பினரும், பிற சங்கத்தாரும் பார்க்கும்படி இருக்கட்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் தலைப்புப் பதிவுக்கென்றே 1925-இல் தனி அலுவலகம் வைத்துவிட்டன. நாம் 2006-இலாவது விழித்திருக்க வேண்டும். அந்த ஆண்டு தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று மாநில அரசு அறிவித்ததும் தலைப்புக்குப் பண மதிப்பு வந்துவிட்டது. கதையே இல்லாதவர்கள்கூட அகராதியைப் புரட்டிச் சொற்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்து அந்தக் கணக்கே மாறியது. துண்டுகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வரலாற்று மலர் என்கிறீர்கள், அதனால் இன்னொரு வரலாறும் நினைவுக்கு வருகிறது. 1941-இல் சாப்ளின், டிஸ்னி, ஆர்சன் வெல்ஸ் முதலியோர் சேர்ந்து அமெரிக்காவில் சுதந்திரத் தயாரிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஸ்டுடியோக்களே திரையரங்குகளையும் வைத்துக்கொண்டு, ஒரு படம் வேண்டுமென்றால் பத்துப் படம் எடுத்துக்கொள் என்று திரையரங்குகளை நெருக்கிய காலம் அது. அதை எதிர்த்தார்கள். 1948-இல் பாரமவுண்ட் முதலிய ஸ்டுடியோக்கள் மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஸ்டுடியோக்களும் திரையரங்குகளும் பிரிந்தன. அந்தச் சங்கம் 1958-இல் கலைந்தே போனது. நம் சங்கம் கலையவில்லை. தேர்தல் தவறாமல் நடக்கிறது, பதவியேற்பு விழாவில் சால்வைகளுக்குக் குறைவில்லை, அணிகள் பிரிகின்றன, அணிகள் சேர்கின்றன. ஒரு படத்துக்கு என்ன பெயர் என்று எழுதி வைத்த நோட்டுதான் இல்லை. மலரில் அந்த நோட்டுக்கும் ஒரு இரங்கல் பக்கம் ஒதுக்கினால் அதற்கு நானே விளம்பரம் தருகிறேன்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

மலரை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குத் திரட்டும் நிதியில் ஒரு பகுதியை எடுத்து, உறுப்பினர்களிடம் உள்ள பழைய ரசீதுகளையும் பதிவுக் கடிதங்களையும் வரவழைத்து, தொலைந்த பேரேட்டை முடிந்தவரை திரும்ப எழுதுங்கள். இனி தரும் ரசீதில் தலைப்பையும் குறிப்பிடுங்கள். பிற சங்கங்களோடு உட்கார்ந்து பேசி ஒரே பட்டியலாக்குங்கள். பதிவேட்டைத் திறந்து வையுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அதே மஞ்சள் பையோடு அலுவலகத்துக்கு வருகிறேன். செயலாளர் அவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த ரசீதுகளைப் பார்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன். பழைய புகைப்படம் ஒன்றும் கொண்டுவருகிறேன். சங்கத்தின் பழைய அலுவலகத்தில் எடுத்தது. பின்னால் அலமாரியில் அந்தப் பேரேடுகள் அடுக்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் ஒருவர்